இரண்டு பாஸ்போர்ட், ஒரு சட்டை: யூனுஸ் மூசாவும் நம்ம பிள்ளைகளும்

கடப்புறம்_10:

ஃபுட்பால்காரன் லமீன் யமாலுக்கு ஆயிரம் ரீல்ஸ் ஓடுது. நம்ம பக்கத்துத் திருவிழா ஃபிளெக்ஸ்ல கூட அவன் முகம் வந்தாச்சு. அமெரிக்க அணிக்கு ஆடுற யூனுஸ் மூசாவைப் பத்தித் தமிழ்ல எழுதினவங்களைத்தான் காணோம். வெளிநாட்டுல பிள்ளை வளர்க்கிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு யமாலைவிட இவன் கதைதான் கைகொடுக்கும்னு எனக்குத் தோணுது. பதினைந்து வயசுல பார்சிலோனா முதல் அணியில இறங்கினவனைப் பார்த்து வாய் பிளக்கலாம், வழி கேட்க முடியாது.

மூசா பிறந்தது 2002 நவம்பர் 29, நியூயார்க். அப்பா அம்மா ரெண்டு பேரும் கானாக்காரங்க. குடும்பம் அமெரிக்காவுல குடியிருக்கல; அம்மா ஊர் பார்க்கப் போன இடத்துல பிள்ளை பிறந்துட்டு. அந்த மண்ணுல பிறந்தா அந்த நாட்டுக் குடியுரிமை, அது அவங்க சட்டம். வளர்ந்தது இத்தாலியில, காஸ்தெல்ஃபிராங்கோ வெனெத்தோன்னு ஒரு சின்ன ஊர். அங்க ஜோர்ஜோனேங்கிற உள்ளூர் கிளப்புலதான் முதல்ல பந்தைத் தொட்டது. ஒன்பது வயசுல குடும்பம் லண்டன் மாறிச்சு, ஆர்சனல் கிளப்போட அகாடமி, அதாவது சின்னப் பசங்களுக்கான பயிற்சிப் பள்ளி, எடுத்துக்கிச்சு. ஆக அமெரிக்கா, கானா, இத்தாலி, இங்கிலாந்துன்னு நாலு சட்டையும் அவனுக்கு அளவு சரியா இருந்தது. இங்கிலாந்தோட வயசுப் பிரிவு அணிகள்ல ஆடினான், கேப்டன் பட்டையும் கட்டினான்.

2019ல, 16 வயசுல, ஆர்சனலை விட்டுட்டு ஸ்பெயின்ல இருக்கிற வலென்சியாவுக்குப் போனான். முதல் வருஷம் அவங்க ரிசர்வ் அணி. 2020 செப்டம்பர் 13, லெவாந்தேவுக்கு எதிரா ஸ்பெயினோட முதல்நிலை லீக்கான லா லிகாவுல முதல் ஆட்டம். நவம்பர் 1, கெத்தாஃபேக்கு எதிரா கோல். வலென்சியாவுக்காக லீக்ல கோல் அடிச்ச வெளிநாட்டுக்காரங்கள்ல வயசு குறைஞ்சவன் அவன்தான். அதே நவம்பர் 12ந் தேதி ஸ்வான்சீயில, வேல்ஸுக்கு எதிரா, அமெரிக்கச் சட்டையோட நிக்கிறான். 18 வயசு ஆகல. 2021 மார்ச்சுல இனி அமெரிக்காதான்னு அறிவிச்சுட்டான்.

இங்கிலாந்துல வளர்ந்தவன், இங்கிலாந்துக்குக் கேப்டனா இருந்தவன், கைக்குழந்தையா இருந்த நாட்டுக்குப் போனது சரியா? உங்க கருத்தைச் சொல்லுங்க.

குளச்சல்_கீப்பர்:

நாலு நாடு கூப்பிடுகு அவனுக்கு. எனக்கு நாலு ஊர்க் கமிட்டி கூப்பிட்டதே ஒரு காலத்துல பெரிய காரியம். அதுவும் கீப்பருக்குக் கை ஒடிஞ்சிருந்ததனால.

நாஞ்சில்காரன்:

எனக்கு இது ஒப்பவில்லை. ஒன்பது வயதிலிருந்து பதினாறு வயது வரை ஆர்சனல் செலவு செய்து வளர்த்தது. மைதானம், பயிற்சியாளர், பிசியோ, சாப்பாடு எல்லாம் அங்கே. இங்கிலாந்து கேப்டன் பட்டையும் கொடுத்தது. அதன்பிறகு போய் அமெரிக்கக் கீதத்துக்கு நெஞ்சில் கை வைத்து நிற்பதென்றால், வளர்த்த வீட்டுக்கு என்ன மரியாதை? ஜமால் முசியாலாவும் இதே கணக்குதான். ஏழு வயதில் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து வந்து, செல்சீயில் வளர்ந்து, 2020 நவம்பரில் இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, 2021 மார்ச்சில் ஜெர்மனி. இரண்டு பேரும் சில வார இடைவெளியில்தான் முடிவை அறிவித்தார்கள் என்று நினைக்கும்போது இங்கிலாந்துக்காரனுக்கு வயிறு எரிந்திருக்கும்.

பழைய_ஸ்டாப்பர்:

நாஞ்சில் தம்பி, ஆர்சனல் ஒண்ணும் இங்கிலாந்து சர்க்கார் இல்ல. அவன் வளத்தது விக்கதுக்கு. ஆயிரம் பயலுவள எடுப்பான், பத்து பேர வச்சுக்கிடுவான், மிச்சப் பேருக்கு ஒரு லெட்டர் குடுத்து வீட்டுக்கு அனுப்புவான். அந்த லெட்டர் வாங்கினவனுக்க அப்பன் போய் நன்றி இல்லியான்னு கேட்டா சிரிப்பான்.

பின்ன, இந்தச் சண்டை எங்க பக்கத்துக்குப் புதுசும் இல்ல. இரயுமன்துறையில இருந்து நீரோடி வர எட்டு ஊரு. பெண் எடுக்கதும் குடுக்கதும் இந்த எட்டுக்குள்ளதான் அதிகம். ஈஸ்டர் டோர்னமெண்டு வந்தா வருஷா வருஷம் ஒரு பைய மாட்டுவான். அப்பனுக்க ஊரு ஒண்ணு, அம்மைக்க ஊரு ஒண்ணு. வளந்தது அம்மைக்க வீட்டுல, ஞானஸ்நானம் அப்பனுக்க ஊருக் கோயில்ல. நல்லா அடிக்க பையண்ணா ரெண்டு கமிட்டிக்காரனும் எங்க பிள்ளம்பான்.

ஒரு செமி ஃபைனலுக்கு முந்தி நடந்தத சொல்லுகேன். கோயில் ஆபீஸ்ல இருந்து ஞானஸ்நானப் புஸ்தகத்தயே கொண்டுவந்துட்டானுவ. கிரவுண்டு ஓரத்துல ஸ்கோர் மேசைக்க மேல விரிச்சு வச்சிருக்கு. காத்துல தாள் பறக்காம இருக்க ரெஃபரிக்க தண்ணி பாட்டிலத் தூக்கி ஓரத்துல வச்சாச்சு. ஒரு ஆளு கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு, பேருக்கு நேரா வெரல ஓட்டி ஓட்டி வாசிக்கான். இன்னொருத்தன் வீட்டு ரேசன் கார்டோட நிக்கான். கிக்-ஆஃப் எப்பமோ போச்சு. பைய அந்தால கெடந்த வள்ளத்துக்க மேல இருந்து பூட்டுக்க லேச அவுக்கதும் கெட்டதுமா இருக்கான். லே, நீ எங்க ஆடணும்ணு நெனக்கியன்னு அவன்ட்ட ஒரு மனுசனும் கேக்கல்ல.

மூசாட்ட ஆரோ கேட்டிருக்கானுவ. எனக்கு அதுதான் விசயம்.

கடப்புறம்_10:

ஆமா அண்ணே, கேட்ட ஆள் யாருங்கிறதும் சுவாரசியம். நிகோ எஸ்தேவஸ். ஸ்பெயின்காரர். வலென்சியா இளையோர் அணிகள்ல வேலை பார்த்தவர், 2013 கடைசியில கொஞ்ச நாள் முதல் அணிக்கே தற்காலிகப் பயிற்சியாளரா இருந்தார். பிறகு அமெரிக்க அணியில அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டருக்கு உதவியாளர் ஆனார். பழைய கிளப்புல யார் வளர்றாங்கன்னு ஒரு கண் வச்சிருந்தவர். மூசாவுக்கும் பெர்ஹால்டருக்கும் நடுவுல பேச்சைத் தொடங்கி வச்சது அவர்தான். இத்தனைக்கும் அப்போ மூசா பேர் வலென்சியாவுக்கு வெளியில பலருக்குத் தெரியாது.

நாஞ்சில் அண்ணன் கேட்ட மரியாதைக் கேள்விக்கு: ஆர்சனல்லயே இருந்திருந்தா 17 வயசுல முதல் அணியில இறங்கியிருப்பானாங்கிறது சந்தேகம். வலென்சியாவுல இடம் கிடைச்சதுக்கு ஒரு அசிங்கமான காரணம் இருக்கு. 2020 கோடையில கிளப் காசில்லாம தவிச்சுது. ஃபெரான் டோரஸ் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். டானி பரேஹோவும் கோக்லனும் பக்கத்துல இருக்கிற வில்லாரியலுக்கு. ரொட்ரிகோ லீட்ஸுக்கு. பதிலுக்கு ஆள் வாங்கல. முதலாளி சிங்கப்பூர் பீட்டர் லிம்முக்கு எதிரா ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. புதுசா வந்த பயிற்சியாளர் ஹாவி கிராசியா திரும்பிப் பார்த்தா ரிசர்வ் பசங்கதான் இருந்தாங்க. மூசாவை வலது விங்ல இறக்கினார். அவன் நடுக்களத்து ஆள். ஆனாலும் இறக்கினார்.

கிளப்புக்குக் கெட்ட காலம், பையனுக்கு நல்ல காலம். பெரிய பேர் உள்ள அகாடமியைவிட ஆள் பத்தாத கிளப் நல்லதுன்னு நான் சொல்றது இதை வச்சுத்தான்.

யாழ்_லண்டன்:

வணக்கம். லண்டனில பிள்ளையை அகாடமிக்கு ஏத்தி இறக்கிற தகப்பன் எண்ட முறையில ஒண்டு சொல்லுறன். இங்க ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே கிளப் பதிஞ்சு எடுத்துடும். வேலை முடிஞ்சு வந்து காரில சோத்துப் பெட்டியோட ஓடுறதுதான் பெற்றோரின்ர சீவியம். 16 வயதில ஸ்காலர்ஷிப் குடுப்பினம், இல்லாட்டி விடுவினம். 17 வயதிலதான் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஆகவே 16 எண்டது பெரிய வாசல். மூசா அந்த வாசலில நிண்டு மற்றப் பக்கம் திரும்பினவன். துணிச்சல் வேணும்.

எங்கட ஆக்களுக்கு உங்களைவிட ஒரு வசதி இருக்கு. இலங்கை இரட்டைக் குடியுரிமையை ஏற்கும். அதனால தேசிய அணியில இப்ப வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கனபேர். ஜெர்மனியில பிறந்த கிளாவ்டியோ காமர்க்னெக்ட், லண்டனில பிறந்த டில்லன் டி சில்வா, வெளிநாட்டில வளர்ந்த தமிழ்ப் பிள்ளை பரத் சுரேஷ். 2024 செப்டம்பரில ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கான பிளே-ஆஃபில கம்போடியாவைப் பெனால்டியில வெண்டது இப்பிடியான அணிதான். தமிழ்ப் பிள்ளை இலங்கைச் சட்டை போடலாமோ எண்டு எங்கட வீடுகளில வேற ஒரு சண்டை இருக்கு. அதை இங்க திறக்கேல்லை.

நாஞ்சில்காரன்:

யாழ் நண்பருக்கு நன்றி. இந்தியச் சட்டம் இதற்கு நேர் எதிர். 1955 குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ அட்டை என்று கொடுக்கிறார்களே, அது குடியுரிமை இல்லை. விசா இல்லாமல் வந்து போக, தங்க, வேலை செய்ய ஒரு வசதி. 2008இல் விளையாட்டு அமைச்சகம் எடுத்த முடிவுப்படி இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்தியாவுக்காக ஆட முடியும். ஓசிஐ போதாது.

அதனால்தான் பர்மிங்ஹாமில் பிறந்த யான் தண்டா லிவர்பூல், ஸ்வான்சீ என்று ஆடியும் இந்தியச் சட்டை போடவில்லை. போட வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டும். இசுமி அராத்தா ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டார். அவருடைய தாத்தா பம்பாய்க்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர். இவர்கள் இரண்டு பேரும் வாலிபம் தாண்டிய பிறகு, தொழிலில் ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுத்த முடிவு அது. 17 வயதுப் பையனிடம் போய் 'உன் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டைக் கொடு, இந்தியா சட்டை தருகிறேன்' என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? அந்தப் பாஸ்போர்ட்தான் அவன் சோறு. பல ஐரோப்பிய லீக்குகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அந்தப் பாஸ்போர்ட் இல்லையென்றால் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சட்டத்தில் ஒரு சின்ன இடுக்கும் உண்டு. வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை பெற்ற குழந்தை, இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளதாக இருந்தால், வயது வந்த ஆறு மாதத்துக்குள் மற்றதை விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும் என்று 4ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் தூதரகத்தில் பிறப்பைப் பதியும்போது 'வேறு பாஸ்போர்ட் இல்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இதை நம்பி யாரும் கால் வைக்க முடியாது.

டப்ளின்_நர்ஸ்:

இந்த இழையை நைட் டூட்டி இடைவேளையில் வாசித்தேன். எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். கணவர் குடும்பம் கடற்கரை. மகன் இங்கேதான் பிறந்தான், இப்போது பதினான்கு. ஐரிஷ் பாஸ்போர்ட், ஓசிஐ. உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான், பெரிய கிளப் ஆட்கள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். நாஞ்சில் அண்ணன் 'எந்தத் தாய் சம்மதிப்பாள்' என்று கேட்டார்கள். நான் சம்மதிக்க மாட்டேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் கேள்வி வேறு. மூசா மாதிரி 16 வயதில் இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் போக இவனால் முடியுமா? இங்கே சிலர் 18 வரை முடியாது என்கிறார்கள், சிலர் முடியும் என்கிறார்கள்.

கடப்புறம்_10:

அக்கா, முடியும். ஆனா எல்லா நாட்டுக்கும் இல்லை.

ஃபிஃபாவோட ஆட்டக்காரர் இடமாற்ற விதி 19வது பிரிவு: 18 வயசுக்குக் கீழ உள்ளவனை நாடு விட்டு நாடு மாத்தக் கூடாது. பிள்ளைகளை ஏமாத்திக் கூட்டிட்டுப்போய் நடுத்தெருவுல விடுறதைத் தடுக்க வந்த விதி. அதுக்கு விலக்கு உண்டு. பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக நாடு மாறினா பிள்ளை புது ஊர்ல பதியலாம். மூசா லண்டன் வந்தது மாதிரி. உங்களை மாதிரி வேலைக்குப் போன நர்ஸ் குடும்பமும் இதுல வரும். எல்லைக்கு 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு விலக்கு. மூணாவதுதான் உங்களுக்கு வேண்டியது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள 16லிருந்து 18 வயசுக்குள்ள மாறலாம், படிப்புக்கும் தங்குறதுக்கும் கிளப் பொறுப்பேத்துக்கணும்.

மூசா 2019ல போனப்போ பிரிட்டன் ஒன்றியத்துக்குள்ள இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து அந்தக் கதவு சாத்தியாச்சு. இப்ப லண்டன்ல இருக்கிற பையன், கையில ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாம இருந்தா, 16ல வலென்சியா போக முடியாது. உங்க பையன் டப்ளின்ல இருக்கான், ஐரிஷ் பாஸ்போர்ட் இருக்கு. அவன் இங்கிலாந்துக்குத்தான் 18 வரை போக முடியாது. ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி திறந்திருக்கு. முன்னெல்லாம் ஐரிஷ் பசங்க 16 ஆனா கப்பல் ஏறி இங்கிலாந்து போவாங்க. இப்ப அது நின்னு, நேரா கண்டத்துக்குப் போறாங்க. டப்ளின்ல அல்பேனியக் குடும்பத்துல பிறந்த கெவின் ஸெஃபி 2021ல ஷாம்ராக் ரோவர்ஸிலிருந்து இன்டர் மிலானுக்குப் போனான். அவனும் ரெண்டு நாட்டுக்காரன்தான்.

யாழ்_லண்டன்:

அதுதான் எனக்குக் கசப்பு. என்ர பெடியனுக்கு அந்த வாசல் இல்லை. பிரெக்ஸிட்டுக்கு வோட்டுப் போட்டவை இதை யோசிச்சிருக்க மாட்டினம்.

பழைய_ஸ்டாப்பர்:

தங்கச்சி, விதி எல்லாம் தம்பி சொன்னது சரியா இருக்கும். நான் வேற ஒண்ணு சொல்லுகேன். டிரயல்ணு சொல்லிக் காசு கேக்கவன நம்பாத. எங்க ஊருல ஒரு பயலுக்க வீட்டுல அம்மைக்க சங்கிலிய அடகு வச்சுக் குடுத்தாவ. ஐரோப்பாண்ணு சொன்னான், ஏர்போர்ட்டு வர கூட்டிட்டுப் போவல்ல. உண்மையா எடுக்க கிளப்பு உன்ட்ட காசு கேக்காது.

இன்னும் ஒண்ணு. இரவிபுத்தன்துறைப் பிள்ளைய மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் ரெண்டுபேரையும் தெரியும்ல. அண்ணன் தம்பி. ரெஜின் சென்னை சிட்டிக்கு ஆடினான், 2018-19ல அந்த டீமு ஐ-லீக் கோப்பைய அடிச்சுது. சூசை ஜாம்ஷெட்பூர், பின்ன கொல்கத்தா, இந்தியா சட்டையும் போட்டாச்சு. அவன் ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக்குக்குள்ள கேறும்போ வயசு ஏறக்கொறய 24. மூசா அந்த வயசுக்குள்ள உலகக் கோப்பை ஆடியாச்சு, இத்தாலியில மிலான் கிளப்புக்கும் போயாச்சு. சூசைக்குக் கால்ல கொறவா? அந்த இடது கால நான் பாத்திருக்கேன். ஒருத்தன் மேல வந்து விழுந்தாலும் பந்து அவன்ட்ட இருந்து போவாது. கொறவு அதுல இல்ல. பதினேழு வயசுல அவனப் பாக்கதுக்கு ஆளில்ல.

எங்க பக்கத்துப் பயலுவளுக்குப் பதினாறு பதினேழுதான் திரும்பக்க வயசு. தங்கலுக்குப் போற போட்டுல ஒரு ஆள் கொறஞ்சா அப்பன் கூப்பிடுவான். ஒருக்கா கடலுக்குப் போனா மாசக்கணக்குல கரைக்கு வரமாட்டான். வரும்போ தோளு பெருசாயிருக்கும், ஓட்டம் போயிருக்கும். இல்லெண்ணா பஹ்ரைனு, கத்தாறு. மூசா வலென்சியாவுல முதல் மேட்ச் ஆடின வயசுல எனக்க பயலுவ கொச்சி ஹார்பர்ல ஐஸ் ஏத்துகான்.

குளச்சல்_கீப்பர்:

சூசைக்குக் காலு பெயர்ந்ததும் 2020 நவம்பர்தான் அண்ணே. சீசன் முதல் மேட்ச், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிர்ல, கால் மணி நேரம் ஆகல்ல, முட்டு போச்சு. வருஷமே போச்சு. நான் டிவியில பாத்துட்டு இருந்தேன். அவன் விழுந்த உடனே எங்க வீட்டுல எல்லாரும் எழும்பி நின்னுட்டோம். அதே மாசம்தான் மூசா அங்க கோல் அடிக்கான், அமெரிக்காவுக்கு ஆடுகான். ஒரே மாசம்.

சரி, இப்பம் நான் ஒரு எதிர்ப்பு சொல்லுகேன். மூசா மூசாண்ணு இவ்வளவு பேசுகியளே, அவனுக்க கோல் கணக்கப் பாத்தியளா? விரலு மடக்கத் தேவையில்ல. பந்தைக் கொண்டு ஓடுவான், மூணு பேர வெட்டுவான், நாலாவது ஆளுட்ட குடுத்துட்டு நிப்பான். மிலான்ல ரைட் பேக்கா கூட நிறுத்திப் பாத்தானுவ. 2025ல அட்டலாண்டாண்ணு இன்னொரு இத்தாலி கிளப்புக்கு வாடகைக்கு விட்டாச்சு. சின்ன வயசுல எல்லா இடத்துலயும் இறக்கினதுனால எந்த இடமும் சொந்தமாகாம போச்சோன்னு ஒரு சந்தேகம்.

கடப்புறம்_10:

அதுல உண்மை இருக்கு. வலென்சியாவுல விங், அமெரிக்காவுல நடு, மிலான்ல எங்க ஓட்டை இருக்கோ அங்க. ஆனா 2022 கத்தார் உலகக் கோப்பையில பாருங்க. மக்கென்னி, டைலர் ஆடம்ஸ், மூசா மூணு பேரும் நடுவுல. அமெரிக்கா ஆடின நாலு ஆட்டத்துலயும் முதல் பதினொண்ணுல இருந்தான். நவம்பர் 25, இங்கிலாந்துக்கு எதிரா, கோலே இல்லாம டிரா. எதிர்ப்பக்கம் ஆர்சனல் அகாடமியில இருந்த காலத்துப் பழக்கம் புகாயோ சாகா. அந்த ஆட்டத்துல இங்கிலாந்தோட நடுக்களத்தை அமெரிக்கா அமுக்கி வச்சிருந்துச்சு, அதைப் பார்த்தவங்க சொல்லுவாங்க. நாலு நாள் கழிச்சு ஈரான் ஆட்டம். அன்னைக்கு அவனுக்கு 20வது பிறந்த நாள்.

இங்கிலாந்துல இருந்திருந்தா? நடுக்களத்துல பெல்லிங்கமும் ரைஸும் இருக்காங்க, இவனுக்கு இடம் ஏது? கத்தாருக்கு டிக்கெட் வாங்கி கேலரியில இருந்திருப்பான்.

நாஞ்சில்காரன்:

வாதம் புரிகிறது. என் மனசு இன்னும் முழுக்க வரவில்லை, ஆனால் கத்தார் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை.

டப்ளின் சகோதரிக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசிய அணி கூப்பிட்டால் அவசரப்பட வேண்டாம். நட்பு ஆட்டம் ஆடினால் ஒரு நாட்டோடு கட்டிப்போடாது. மூசாவின் முதல் அமெரிக்க ஆட்டமே நட்பு ஆட்டம்தான். போட்டி ஆட்டம் வேறு. முனிர் எல் ஹத்தாதி 2014 செப்டம்பரில் மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்காக 13 நிமிடம் ஆடினான். யூரோ தகுதிச்சுற்று. அதன்பிறகு ஸ்பெயின் கூப்பிடவே இல்லை. மொராக்கோ கூப்பிட்டது, 2018 உலகக் கோப்பைக்குப் போக ஆசைப்பட்டான், விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் நடக்கவில்லை. 2020இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகுதான் வழி பிறந்தது. 21 வயதுக்கு முன் மூன்று போட்டி ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், உலகக் கோப்பை, கண்டக் கோப்பை இறுதிச்சுற்றுகளில் இறங்கியிருக்கக் கூடாது. 13 நிமிடத்துக்கு ஆறு வருடம்.

ஸ்டாப்பர் அண்ணன் சொன்ன ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் ஒரு பெரிய கதை இருக்கிறது. தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கும் ஆடலாம் என்ற விதியை வைத்து மலேசியா ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. தாத்தா பாட்டிகளின் பிறப்புச் சான்றில் ஊரையே மாற்றியிருக்கிறார்கள் என்று 2025 செப்டம்பரில் ஃபிஃபா அறிவித்தது. சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் ஒரு வருடத் தடை.

பழைய_ஸ்டாப்பர்:

எங்க கமிட்டிக்காரனுவள அனுப்பியிருந்தா தண்ணி பாட்டில தூக்கி வச்சு அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பானுவ.

மட்டுறுத்துநர்:

டிரயல் ஏற்பாடு செய்து தருவதாக வாட்ஸ்அப் எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தனிச்செய்தியில் யாராவது அணுகினால் தெரிவியுங்கள்.

குளச்சல்_கீப்பர்:

எங்கிருந்துதான் மோப்பம் புடிச்சு வருகானுவளோ.

யாழ்_லண்டன்:

ஒரு கேள்வி. நீரோடியைத் தாண்டினா பொழியூர், அது கேரளம் எண்டு கேள்விப்பட்டன். அங்கயிருந்து சந்தோஷ் டிராபிக்குக் கனபேர் ஆடியிருக்கினமாம். அப்ப உங்கட பிள்ளையள் கேரளத்துக்கு ஆடுறதில்லையோ?

பழைய_ஸ்டாப்பர்:

ஆடியிருக்கான், ஆடுகான். நடந்து போற தூரம்தான். எங்க எட்டு ஊருக் கோயிலும் திருவனந்தபுரம் மேற்றிராசனத்துலதான் இருக்கு, மீன் விக்கதும் அங்க, ஆஸ்பத்திரியும் அங்க. திருவனந்தபுரத்துல ஒரு கோச்சு வந்து பாத்து, ஹாஸ்டல்ல சேக்கேன், சோறு தாரேன்ணு சொன்னா பைய போவான். இங்க உள்ளவன் டிஸ்ட்ரிக்ட் செலக்சனுக்கு நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கு வாண்ணு சொல்லுவான். வெளுப்பான்காலத்த பஸ் ஏறணும், பின்ன மத்தியானம் வர வெயில்ல நிக்கணும், கடைசியில லிஸ்டு நேத்தே ரெடியாயிருக்கும். பைய எந்தப் பக்கம் போவான்ணு நீரே சொல்லும்.

ஆரு கூப்பிடுகானோ அவன்ட்ட போவான். மூசா போனதும் அப்படித்தான்.

நாஞ்சில்காரன்:

லிஸ்ட் விஷயத்தில் அண்ணனோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். நானும் அந்த வெயிலில் நின்றவன்.

டப்ளின்_நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. 13 நிமிடக் கதையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 'அம்மா, முதலில் யாராவது கூப்பிடட்டும்' என்கிறான். எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விடாமல் போக முடிகிற கிளப்தான் பார்ப்போம் என்று கணவரும் நானும் பேசியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறோம். அவனுக்கு அங்கே பசங்களோடு ஆட வேண்டுமாம். மணலில் ஆடிப் பழக்கமில்லை, காலில் அடிபட்டால் இங்கே கிளப்பில் என்னைத்தான் கேட்பார்கள். அதுதான் பயம்.

பழைய_ஸ்டாப்பர்:

மணல்ல அடிபடாது தங்கச்சி, மூச்சுதான் வாங்கும். தரையிலதான் முட்டு போகும். எந்தக் கால் அவனுக்கு?

டப்ளின்_நர்ஸ்:

இடது கால் அண்ணே. லெஃப்ட் பேக்கில் நிறுத்துகிறார்கள், அவனுக்குப் பிடிக்கவில்லை.

பழைய_ஸ்டாப்பர்:

பிடிக்கல்லெண்ணா விங்குல ஓடட்டும். காலம்பற ஆறு மணிக்கு முன்ன கொண்டு வா, வெயில் கேறினா மணல் சுடும். தண்ணி நெறைய கொண்டு வா.